டிஸ்கோன் ஆண்டெனாவில் 25 முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை தெளிவாகக் கேட்க

ராடுகள் மேலே தட்டாகவும் கீழே கூம்பாகவும் விரிந்து நிற்பது டிஸ்கோன் ஆண்டெனா. அது வரும் பெட்டிகளில் பெரும்பாலும் "25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ்" என்றுதான் அச்சிட்டிருக்கும். 1300-ஐ நம்பலாம். 25-ஐ நம்புவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்துக் கூம்பின் ராடு ஒன்றை அளந்து பாருங்கள். 75-ஐ அந்த நீளத்தால், மீட்டர் கணக்கில், வகுத்தால் வருகிற மெகாஹெர்ட்ஸில்தான் அது உண்மையிலேயே டிஸ்கோனாக வேலை செய்யத் தொடங்குகிறது. சந்தையில் அதிகம் கிடைப்பவற்றின் கூம்பு ராடு சுமார் 85 சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் 88 மெகாஹெர்ட்ஸ்.

அதற்குக் கீழே நிலைமை படிப்படியாக மோசமாவதில்லை, சட்டென்று சரிகிறது. ஆர்மிக் கண்டோயன் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்ற 1945-லிருந்தே இதன் குணம் இதுதான்: எல்லைக்கு மேலே பல மடங்கு அதிர்வெண் வரை 50 ஓமை ஒட்டி நிற்கும், எல்லைக்குக் கீழே கதவை மூடிவிடும். கூம்பின் சரிவு நீளம் கால் அலைநீளம், தட்டின் விட்டம் அதில் 0.7 பங்கு என்பது அடிப்படை அளவு. 30 மெகாஹெர்ட்ஸுக்கு ஒழுங்கான டிஸ்கோன் செய்ய வேண்டுமானால் இரண்டரை மீட்டர் ராடுகளும் 1.75 மீட்டர் விட்டமுள்ள தட்டும் வேண்டும். வீட்டு மாடியில் காற்றுக்கு நிற்கிற சாமான் அல்ல அது.

அப்படியானால் 25 என்ற எண் எங்கிருந்து வந்தது? தட்டின் நடுவில் செங்குத்தாக நிற்கும் மெல்லிய ராடிலிருந்து, அதாவது விப்பிலிருந்து. 88-க்குக் கீழே உங்கள் டிஸ்கோன் வெறும் விப்பும் அதற்கு எதிர்ப்பாதியாக, அதாவது ஆண்டெனாவின் மறுபாதியாக, அமைகிற ஏதோ ஒன்றும்தான். கூம்பு அந்த எதிர்ப்பாதிக்குப் போதாத குட்டை. ஆகவே கம்பமும் கேபிளின் ஷீல்டும் (வெளிப்புற உலோக உறை) தாமாகவே அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. குறைந்த அதிர்வெண்ணில் வருகிற தொல்லைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. எல்லோரும் மேலே உள்ள விப்பை நோண்டுவார்கள். கோளாறு பெரும்பாலும் கீழே இருக்கும்.

முதலில் இரைச்சலை அளந்துவிடுங்கள்

ராடை வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் இறங்கினால் மீதி எல்லாம் குருட்டு வேலை.

ரிசீவரை ஏ.எம். அல்லது எஸ்.எஸ்.பி. முறையில் வையுங்கள். எஃப்.எம். முறையில் சிக்னல் இல்லாதபோது வருகிற சீற்றம் ஆண்டெனா இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் கேட்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. எஸ்.டி.ஆர். (மென்பொருளால் இயங்கும் ரிசீவர்) வைத்திருப்பவர்கள் ஏ.ஜி.சி.-யை (கெயினைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) அணைத்துவிட்டு கெயினை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். 35 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் காலியான ஓர் இடத்தைப் பிடித்து, ஆண்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு (வெறும் ரெசிஸ்டர்) போட்டு இரைச்சல் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆண்டெனாவைச் செருகுங்கள்.

மட்டம் 3 டெசிபல்கூட ஏறவில்லை என்றால் ஆண்டெனா போதவில்லை, அல்லது எங்கோ அறுந்திருக்கிறது. 10 டெசிபலுக்கு மேல் ஏறினால் ஆண்டெனா போதும். இனி நீங்கள் விப்பை எவ்வளவு நீட்டினாலும் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். சிக்னல் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டர் சந்தோஷப்படும், காதுக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

இதற்குக் காரணம் இருக்கிறது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.-வின் பி.372 பரிந்துரையில் உள்ள சூத்திரத்தின்படி, குடியிருப்புப் பகுதியில் மனிதக் கருவிகள் கிளப்பும் இரைச்சல் 30 மெகாஹெர்ட்ஸில் வெப்ப இரைச்சலைவிட ஏறக்குறைய 32 டெசிபல் அதிகம். 100-ல் அது 17, 250-ல் வெறும் 6. மறுபக்கம், ஒன்றரை மீட்டர் விப்பை எந்தச் சுருளும் இல்லாமல் 30 மெகாஹெர்ட்ஸில் 50 ஓம் ரிசீவருக்குக் கொடுத்தால், பொருத்தமின்மையால் சுமார் 16 டெசிபல் போகும். போனாலும் வெளியிரைச்சல் இன்னும் 16 டெசிபல் மேலே நிற்கிறது, ரிசீவரின் சொந்த இரைச்சல் அதற்கு அடியில் மூழ்கிவிடுகிறது. அதே விப் ஆளரவமற்ற கிராமப்புறத்தில் இருந்தால் கதை வேறு. அங்கே 30 மெகாஹெர்ட்ஸில் மனிதக் கருவிகளின் இரைச்சல் சுமார் 11 டெசிபல்தான், அந்த 16 டெசிபல் இழப்பு நேராகச் சிக்னலைத் தின்னும். ஆகவே அமைதியான இடத்தில் இருப்பவருக்கு ராடு வேலை பலன் தரும். நெரிசலான இடத்தில் இருப்பவருக்கு சோக்கும் (கேபிளின் வெளிப்பக்கமாக வரும் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட்) இரைச்சல் வேட்டையும்தான் பலன் தரும். இரண்டு பேரும் ஒரே மாற்றத்தைச் செய்துவிட்டு எதிரெதிரான முடிவைச் சொல்வது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. ஏறின இரைச்சல் ரிசீவர் திணறுவதால்கூட வந்திருக்கலாம். ஆண்டெனா வழியில் 10 டெசிபல் அட்டென்யுவேட்டர் ஒன்றைச் செருகுங்கள். மட்டம் 10-க்குள் இறங்கினால் இரைச்சல் உண்மையானது. 20, 30 என்று சரிந்தால் அது இன்டர்மாடுலேஷன் (வலுவான சிக்னல்கள் ரிசீவருக்குள் கலந்து உண்டாக்கும் போலிச் சிக்னல்), மருந்து ஃபில்டர்தான். அதைப் பின்னால் பார்ப்போம்.

மேலே கேட்கிறது, கீழே செத்துக் கிடக்கிறது

வேலை செய்துகொண்டிருந்த டிஸ்கோன் திடீரென்று குறைந்த அதிர்வெண்ணில் மட்டும் செவிடானால், முதல் சந்தேகம் உள்ளே எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது என்பதாக இருக்கட்டும். அறுந்த இடம் ஒரு குட்டி கெப்பாசிட்டராகிவிடும். 2 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொண்டால் 450 மெகாஹெர்ட்ஸில் அது 177 ஓம், சிக்னல் தாண்டிக் குதித்துவிடும். 30 மெகாஹெர்ட்ஸில் அதுவே 2,650 ஓம். யு.எச்.எஃப். நன்றாகக் கேட்பதால் ஆண்டெனா சரியாக இருப்பதாக நினைத்துவிடுவோம். நேர் எதிரான அறிகுறி, அதாவது மேலே மந்தமாகிக் கீழே பரவாயில்லை என்றால், கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

ஆண்டெனாவைக் கீழே இறக்கி மல்டிமீட்டரை வையுங்கள். கனெக்டரின் நடுப் பின்னிலிருந்து தட்டின் ஒவ்வொரு ராடுக்கும் பூஜ்யம் ஓம் காட்ட வேண்டும். அதே பின்னிலிருந்து விப்பின் நுனிக்கும் பூஜ்யம். இதைத்தான் பலர் பார்க்காமல் விடுகிறார்கள். நுனியில் ரப்பர் மூடி இருந்தால் கழற்றிவிட்டு உலோகத்தின் மேல் தொட்டுப் பாருங்கள். விப்பின் அடியில் கறுப்பு உறைக்குள் இருக்கிற லோடிங் காயில் (குட்டை விப்பின் நீளக் குறையை ஈடுகட்டும் சுருள்) காற்றில் ஆடி ஆடி, சால்டர் செய்த இடத்தில் விரிசல் விடும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. விப்பை மெதுவாக வளைத்தபடியே மீட்டரைப் பாருங்கள், முள் துள்ளினால் கோளாறு அங்கேதான். கனெக்டரின் வெளிப்பகுதியிலிருந்து கூம்பு ராடுகளுக்கும் பூஜ்யம் வர வேண்டும். தட்டுக்கும் கூம்புக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது.

ராடுகளின் லாக் நட்டுகளைக் கழற்றி, மரையைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து, அலுமினியத்துக்கு என்றே வருகிற ஆன்டி-ஆக்சிடன்ட் பேஸ்ட் தடவி இறுக்குங்கள். அலுமினிய ஹப்பில் ஸ்டீல் ராடு நிற்கிற இடத்தில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அரிப்பு. காற்றடிக்கும்போது மட்டும் கரகரவென்று சத்தம் வருகிற ஆண்டெனாக்களில் பலவற்றுக்கு இந்த நட்டுகளில்தான் தீர்வு இருக்கிறது.

கீழ்ப்பாதி

கம்பம் இரும்புக் குழாயோ அலுமினியக் குழாயோ என்றால் அது கூம்போடு மின்தொடர்பில் இருக்கிறதா என்று அதே மீட்டரால் பாருங்கள். கிளாம்ப் பிடிக்கிற இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடுங்கள். சில சமயம் இந்த ஒன்றே ஓரளவு மாற்றத்தைக் காட்டும். ஃபைபர் கிளாஸ் அல்லது பி.வி.சி. கம்பம் என்றால் எதிர்ப்பாதி வேலை முழுக்கக் கேபிளின் ஷீல்டின் தலையில் விழுகிறது. அந்த ஷீல்டு நேராக உங்கள் அறைக்குள், கம்ப்யூட்டர் வரைக்கும் வருகிறது.

இதற்கு மலிவான தீர்வு, கூம்பு ராடுகளில் சிலவற்றின் நுனியிலிருந்து கம்பியைத் தொங்கவிட்டு நீட்டுவது. கூம்பின் உச்சியிலிருந்து கம்பியின் நுனி வரை மொத்த நீளம் நமக்கு வேண்டிய அதிர்வெண்ணின் கால் அலைநீளமாக இருக்க வேண்டும். 71.3-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் வரும். 27-க்கு 2.64, 30-க்கு 2.38, 40-க்கு 1.78, 50-க்கு 1.43. ராடு 85 சென்டிமீட்டர் என்றால் சேர்க்க வேண்டிய கம்பி முறையே 1.79, 1.53, 0.93, 0.58 மீட்டர். வெட்டும்போது ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாகவே வெட்டுங்கள். பி.வி.சி. உறை போட்ட கம்பி கணக்கைவிடச் சற்று நீளமானது போல நடந்துகொள்ளும், பிறகு நறுக்கிச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

எட்டு ராடு உள்ள கூம்பில் நேரெதிரான இரண்டு இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஜோடி 30-க்கு, இன்னொரு ஜோடி 40-க்கு, மீதி நான்கைத் தொடாதீர்கள். நான்கு ராடாவது பழைய நீளத்தில் இருந்தால்தான் விமான அலைவரிசையிலும் அதற்கு மேலும் டிஸ்கோன் பழையபடி நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கலாம். எட்டையும் நீட்டிவிட்டு 140 மெகாஹெர்ட்ஸில் ஏதோ குறைகிறதே என்று தேடுவதில் அர்த்தமில்லை.

1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டர் பல இழைச் செப்புக் கம்பி போதும். ராடோடு இணைக்க, மின்வேலையில் பயன்படுகிற கனெக்டர் ஸ்ட்ரிப்பின் பிளாஸ்டிக்கை உரித்துவிட்டு உள்ளே உள்ள பித்தளைத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ராடின் நுனி, மறுபக்கம் கம்பி, இரண்டு ஸ்க்ரூ. கம்பியின் முனையில் ஈயம் பூசிக்கொள்ளுங்கள். வெறும் செம்பு அலுமினியத்தோடு நேரடியாக ஒட்டினால் ஒரே மழைக்காலத்தில் அரித்துவிடும். மேலே பேஸ்ட், அதன் மேல் பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க். கம்பியின் மறுநுனியை நைலான் கயிற்றில் முடிந்து, கம்பத்திலிருந்து 30 முதல் 45 டிகிரி விலகி நிற்கும்படி இழுத்துக் கட்டுங்கள்.

கோணம் முக்கியம். கம்பி தளர்ந்து கம்பத்தை ஒட்டித் தொங்கினால் கம்பத்தோடு பிணைந்து இசைவு எங்கோ போய்விடும், காற்றில் உரசும்போது ஒவ்வோர் உரசலும் இரைச்சலாகக் கேட்கும். கயிற்றின் மறுமுனையை இரும்புக் கைப்பிடிக் கம்பியில் கட்டுவதில் தப்பில்லை, நடுவில் அரை மீட்டராவது நைலான் இருக்கட்டும்.

விப்பும் அதன் காயிலும்

விப்பை நீட்டுவதுதான் முதலில் தோன்றுகிற யோசனை. கால் அலைநீளத்துக்கு நேராக 2.4 மீட்டர் ராடு போட்டால் 30 மெகாஹெர்ட்ஸில் பிரமாதமாக இருக்கும், முதல் பலத்த காற்று வரைக்கும். விப்பின் வளைவு விசை முழுவதும் தட்டின் நடுவில் உள்ள அந்தச் சின்ன மரையிலும் அடியில் உள்ள பிளாஸ்டிக் இன்சுலேட்டரிலும்தான் இறங்குகிறது. ஒன்றரை மீட்டருக்கு மேல் போகாதீர்கள். மீதி நீளத்தைக் காயிலால் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

காயிலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 1 மைக்ரோஹென்றி சுருள் 33 மெகாஹெர்ட்ஸில் 207 ஓம், 150-ல் 940 ஓம். வி.எச்.எஃப்.-ல் விப்பைத் தட்டிலிருந்து ஏறக்குறைய பிரித்துவிடுகிறது, டிஸ்கோன் தன் வேலையைப் பார்க்கிறது. காயிலே இல்லாமல் மொட்டை ராடை நிறுத்தினால் மேலே உள்ள அதிர்வெண்களில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டி வரும்.

6 மில்லிமீட்டர் தடிமன், 1.5 மீட்டர் நீள ராடுக்கு அடியில் வைக்க வேண்டிய காயில்: 30 மெகாஹெர்ட்ஸுக்கு 1.4 மைக்ரோஹென்றி, 33-க்கு 1.0, 35-க்கு 0.8, 40-க்கு 0.46. சுற்றுவதற்கு 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபைபர் கிளாஸ் அல்லது அசிட்டால் உருளையும் 1.5 மில்லிமீட்டர் எனாமல் செப்புக் கம்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 3 மில்லிமீட்டர் வைத்துச் சுற்றினால் 12 சுற்று 1.4 மைக்ரோஹென்றி, 9 சுற்று 1.0, 8 சுற்று 0.86, 5 சுற்று 0.46. ஒரு சுற்றைக் கொஞ்சம் விரித்தோ நெருக்கியோ நுணுக்கமாகச் சரிசெய்யலாம். நைலான் உருளையைத் தவிர்ப்பது நல்லது, ஈரம் குடிக்கும்.

உருளையின் இரண்டு முனையிலும் மரை வெட்டி, கீழே தட்டின் ஹப்பில் ஏறுகிற ஸ்டட், மேலே விப்பைப் பிடிக்கிற ஸ்டட் என்று பொருத்துங்கள். இரண்டு ஸ்டட்டும் உள்ளே ஒன்றையொன்று தொட்டுவிடக் கூடாது, நடுவில் 30 மில்லிமீட்டராவது விடுங்கள். விப்பின் பாரத்தை உருளை தாங்க வேண்டும், சுருள் கம்பி தாங்கக் கூடாது. கம்பியின் முனைகளை வளையமாக்கி வாஷருக்கு அடியில் வைத்து, இறுக்கிய பிறகு வளையத்தைச் சால்டர் செய்யுங்கள். மேலே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு, அடிப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை விடுங்கள். முழுவதும் அடைத்தால் உள்ளே வேர்த்து நிற்கிற தண்ணீர் வெளியேற வழியிருக்காது.

நானோ வி.என்.ஏ. (ஆண்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) இருந்தால் ஆண்டெனாவை அதன் இடத்திலேயே, கம்பிகளெல்லாம் கட்டியபின் அளந்து பாருங்கள். தரையில் சாய்த்து வைத்து அளந்தது எதற்கும் உதவாது. எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தமின்மையின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.5-க்கு வரவில்லையே என்று வருந்த வேண்டாம். கேட்பதற்கு 3 என்றால் இழப்பு 1.25 டெசிபல், 5 என்றால் இரண்டரை, 10 என்றால்கூட 4.8-தான். அந்த வளைவின் பள்ளம் எந்த அதிர்வெண்ணில் விழுகிறது என்பதைப் பாருங்கள், ஆழத்தை அல்ல. இன்னொன்று: இந்த மாற்றங்கள் எல்லாம் கேட்பதற்கு மட்டும். மாற்றிய டிஸ்கோன் வழியாக ஒலிபரப்ப நினைத்தால் ஒவ்வோர் அலைவரிசையையும் தனியாக அளந்து பார்க்காமல் பட்டனை அழுத்தாதீர்கள்.

சோக் எங்கே

கேபிள் ஷீல்டின் வெளிப்பக்கமாக ஏறிவருகிற வீட்டு இரைச்சலைத் தடுப்பது ஃபெரைட் சோக். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை டிஸ்கோனுக்கு நேர் கீழே மாட்டுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. ஃபைபர் கம்பத்தில் ஷீல்டுதான் எதிர்ப்பாதி. அதை உச்சியிலேயே அடைத்துவிட்டால் இரைச்சலோடு சிக்னலும் போய்விடும். கம்பிகளைத் தொங்கவிட்ட பிறகு எதிர்ப்பாதி தனியாக நிற்கிறது, அப்போது உச்சியிலிருந்து இரண்டரை மீட்டர் கீழே ஒரு சோக்கும், வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் இன்னொன்றும் மாட்டலாம். கம்பிகள் இல்லையென்றால் வீட்டு நுழைவில் மட்டும் மாட்டுங்கள்.

25 முதல் 50 மெகாஹெர்ட்ஸுக்கு 31 அல்லது 43 வகை ஃபெரைட் சரி. 2.4 அங்குல வளையத்தில் ஆர்.ஜி.-58 கேபிளை 5 சுற்று. நிறையச் சுற்றினால் நல்லது என்று பத்துப் பன்னிரண்டு சுற்றினால் சுற்றுகளுக்கிடையிலான கெப்பாசிட்டன்ஸ் சோக்கின் உச்சத்தைக் கீழே இழுத்துவிடும், 40 மெகாஹெர்ட்ஸில் பலன் குறையும். கிளிப் வகை மணிகள் என்றால் ஒன்று 30 மெகாஹெர்ட்ஸில் நூறு, இருநூறு ஓம்தான் தரும். ஆயிரம் ஓமைத் தொட ஆறு முதல் பத்து வரை வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டுவது அழகுக்கு.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க, ரிசீவரை பேட்டரியில் ஓட்டி வீட்டு மெயினை அணைத்துப் பாருங்கள். மட்டம் விழுந்தால் திருடன் வீட்டுக்குள் இருக்கிறான்; பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றினால் எந்த லைன் என்று தெரியும். எல்.இ.டி. விளக்கின் டிரைவர், லேப்டாப் சார்ஜர், சோலார் இன்வெர்ட்டர் ஆகியவை முதல் வரிசைச் சந்தேகங்கள். தொலைபேசிக் கம்பியில் வரும் வி.டி.எஸ்.எல். இணைய இணைப்பு 17 மெகாஹெர்ட்ஸ் வரையும், சில வகைகள் 30 வரையும் லைனில் சிக்னல் ஓட்டுகின்றன.

ஃபில்டர், பிரீஆம்ப், கேபிள்

டிஸ்கோன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வருகிறது. உங்கள் ரிசீவர் 35 மெகாஹெர்ட்ஸைக் கேட்க முயலும்போது அதன் முன்வாசலில் 88 முதல் 108 வரை உள்ள எஃப்.எம். நிலையங்கள் முழு வலுவில் வந்து இடிக்கின்றன. 88 என்ற எல்லைக்கு மேல்தான் ஆண்டெனா நன்றாக வேலை செய்கிறது என்பதை மறக்க வேண்டாம். அட்டென்யுவேட்டர் சோதனையில் இன்டர்மாடுலேஷன் தெரிந்திருந்தால் எஃப்.எம். தடுப்பு ஃபில்டர் ஒன்று போடுங்கள். குறைந்த அதிர்வெண் மட்டுமே கேட்கிற நேரத்தில் 60 மெகாஹெர்ட்ஸ் லோ-பாஸ் (அதற்கு மேலே உள்ளதைத் தடுக்கும் ஃபில்டர்) அதைவிட நல்லது.

பிரீஆம்ப் (ரிசீவருக்கு முன்னால் சிக்னலைப் பெருக்கும் கருவி) இங்கே வேண்டாம். 400 மெகாஹெர்ட்ஸில் அது நீண்ட கேபிளின் இழப்பை ஈடுகட்டும், 35-ல் ஏற்கெனவே அதிகமாக இருக்கிற இரைச்சலை ஒலிபெருக்கிக் காட்டும். கேபிளை மாற்றுவதும் அப்படித்தான். 20 மீட்டர் ஆர்.ஜி.-58 கேபிள் 30 மெகாஹெர்ட்ஸில் இழப்பது ஒன்றரை டெசிபல் அளவுக்குத்தான். தடித்த கேபிளுக்கான செலவு 800 மெகாஹெர்ட்ஸ் கேட்பவருக்கு.

25-க்குக் கீழே

சிற்றலை வானொலியையும் இதே டிஸ்கோனில் கேட்க முடியுமா என்றால், 10 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே வலுவான நிலையங்கள் கேட்கும். அதற்குக் கீழே கணக்கு கைவிடுகிறது. ஒன்றரை மீட்டர் விப்பின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 15 பிக்கோஃபாரட். 10 மெகாஹெர்ட்ஸில் அது ஆயிரம் ஓமுக்குச் சற்று மேல், 1 மெகாஹெர்ட்ஸில் பத்தாயிரத்துக்கும் மேல். 50 ஓம் ரிசீவருக்குப் போய்ச் சேரும்போது இழப்பு முதலதில் 37 டெசிபல், இரண்டாவதில் 77. மத்திய அலையில் வெளியிரைச்சல்கூட ரிசீவரைத் தொடாது. காயில் போட்டுச் சரிக்கட்டினாலும் மிகக் குறுகிய பட்டையில்தான் அது நிற்கும். இந்த இடத்தில் டிஸ்கோனோடு மல்லுக்கட்டாமல் பத்து மீட்டர் கம்பியையோ லூப் ஆண்டெனாவையோ தனியாகப் போட்டுவிடுங்கள்.

பலனைச் சரிபார்க்க

மாற்றம் செய்த மறுநாள் பேண்டு வெறிச்சோடிக் கிடந்தால் ஆண்டெனாவைக் குறை சொல்லாதீர்கள். 30 முதல் 54 மெகாஹெர்ட்ஸ் வரை தொலைதூரச் சிக்னல் வருவதும் வராததும் அயனமண்டலத்தின் கையில். அளவுகோலாக 28.200 மெகாஹெர்ட்ஸில் உள்ள சர்வதேச பீக்கன் வரிசை (அடையாளச் சிக்னல் அனுப்பும் நிலையங்கள்) உதவும். உலகெங்கும் 18 நிலையங்கள், ஒவ்வொன்றும் பத்து வினாடி, மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று. ஒவ்வொன்றும் தன் அழைப்புக் குறியை அனுப்பிவிட்டு ஒரு வினாடி நீளக் கோடுகள் நான்கை 100, 10, 1, 0.1 வாட் என்று இறங்கும் சக்தியில் அனுப்பும். ஒவ்வொரு படியும் 10 டெசிபல். நேற்று 10 வாட் கோடு வரை கேட்டது, இன்று 1 வாட் கேட்கிறது என்றால் உண்மையிலேயே ஏதோ கிடைத்திருக்கிறது. ஒரே நாளில் அயனமண்டலம் அதைவிட அதிகமாக ஆடும் என்பதால், பழைய நிலையையும் புதிய நிலையையும் சில நிமிட இடைவெளியில் மாற்றி மாற்றிக் கேட்டு ஒப்பிடுங்கள். கூம்புக் கம்பிகளை ஸ்க்ரூவில் கழற்றி மாட்டும்படி வைத்தது இதற்கும் உதவும்.

இடி, மின்சாரக் கம்பி

தட்டும் விப்பும் பூமியோடு தொடர்பின்றி மிதக்கின்றன. வறண்ட காற்றில் நிலைமின்னூட்டம் சேர்ந்து ரிசீவரின் முன்வாசலைச் சுட்டுவிடும். வீட்டு நுழைவில் கேபிளின் நடுவுக்கும் ஷீல்டுக்கும் குறுக்கே 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றையும், எர்த் செய்த வாயுக் குழாய் அரெஸ்டர் (மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்கு விடும் பாகம்) ஒன்றையும் வையுங்கள். இடி மழைக்குக் கேபிளைக் கழற்றி வைப்பதற்கு இவை மாற்று அல்ல. தொங்கவிடும் கம்பியோ விப்போ அறுந்து எந்தப் பக்கம் விழுந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரத்தில் கம்பம் இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டெனா, ஒரு கேபிள்

டிஸ்கோனைத் தொடவே மனமில்லை என்றால், 35 அல்லது 40 மெகாஹெர்ட்ஸுக்குத் தனியாகச் செங்குத்து டைபோல் (நடுவில் கேபிள் சேரும் இரு பாதி ஆண்டெனா) ஒன்று கட்டி (40-க்கு முழு நீளம் 3.56 மீட்டர்), டைப்ளெக்சர் (அதிர்வெண்ணைப் பார்த்துப் பிரிக்கிற ஃபில்டர்) வழியாக இரண்டையும் ஒரே கேபிளில் சேர்க்கலாம். வெறும் டி-கனெக்டரில் சேர்க்காதீர்கள், ஒன்று மற்றொன்றைச் சுமையாக இழுக்கும்.

70 மெகாஹெர்ட்ஸில் பிரிகிற எளிய டைப்ளெக்சருக்கு ஆறு பாகங்கள். பொது முனையிலிருந்து டைபோல் பக்கம்: தொடரில் 170 நானோஹென்றி, அங்கிருந்து எர்த்துக்கு 62 பிக்கோஃபாரட், மீண்டும் தொடரில் 57 நானோஹென்றி. டிஸ்கோன் பக்கம்: தொடரில் 30 பிக்கோஃபாரட், எர்த்துக்கு 85 நானோஹென்றி, தொடரில் 91 பிக்கோஃபாரட். காயில்களை 1 மில்லிமீட்டர் எனாமல் கம்பியால் 6 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் மேல் சுற்றுங்கள். 170-க்கு 7 சுற்று 11 மில்லிமீட்டர் நீளத்தில், 85-க்கு 4 சுற்று 6 மில்லிமீட்டரில், 57-க்கு 3 சுற்று நாலரை மில்லிமீட்டரில். மூன்றையும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக நிறுத்துங்கள். ஒரே திசையில் வரிசையாகப் படுக்கவைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறி ஃபில்டரின் பிரிப்பு கெடும். கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் மதிப்பு மாறாத சி.ஓ.ஜி. வகைப் பீங்கானாக இருக்கட்டும், தகரப் பெட்டிக்குள் குட்டைக் கால்களோடு.

கூரைக்கு ஏற்றும் முன் நானோ வி.என்.ஏ.-வில் மூன்றாவது முனைக்கு 50 ஓம் லோடு போட்டு இரண்டு பாதையையும் ஓட்டிப் பாருங்கள். 70-ல் இரண்டும் 3 டெசிபல் இறங்கிச் சந்திக்க வேண்டும். சந்திக்கும் இடம் 80-க்குத் தள்ளிப்போனால் காயில்களைச் சற்று நெருக்குங்கள், 60-க்கு இறங்கினால் விரியுங்கள். டைபோலை டிஸ்கோனிலிருந்து மூன்று நான்கு மீட்டராவது தள்ளி நிறுத்துங்கள், அதன் கேபிளுக்கும் ஊட்டுமுனையிலேயே ஒரு சோக். டைபோலுக்கு எதிர்ப்பாதி தன்னிடமே இருப்பதால் இங்கே உச்சியில் மாட்டுவதுதான் சரி.